டாப்-அப் பாலிசியில் அவள் பெயர்

அந்த டாப்-அப் பாலிசியை எடுக்க வைத்தவள் என் மனைவி. எடுத்தது எனக்காக. நான் குடவாசல் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்து செயலாளராக ஓய்வு பெற்றவன். அவள் அதே சங்கத்து ரேஷன் கடையில் விற்பனையாளராக இருந்தாள். அரசு ஊழியர்களுக்கு இருப்பது போன்ற மருத்துவக் காப்பீடு எங்களுக்குக் கிடையாது. அதனால் சொந்தமாக ஒரு பாலிசி வைத்திருந்தோம். ஒருமுறை எனக்கு நெஞ்சை அடைத்து, கும்பகோணத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பிய பிறகு, அந்தப் பாலிசி போதாது என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது.

அடுத்த தெருவில் ஒரு பெண்மணி இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருந்தார். என் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவரை வரவழைத்து, முதல் பாலிசிக்கு மேலே இன்னொன்று எடுக்க ஏற்பாடு செய்தாள். அதற்குப் பெயர்தான் டாப்-அப். முதல் பாலிசியின் தொகை தீர்ந்த பிறகுதான் இது கைகொடுக்கும். அதாவது காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சின்ன ஆபரேஷன் எதற்கும் உதவாது. ஆஸ்பத்திரியில் நீண்ட நாள் கிடக்க நேர்ந்தால்தான் இதற்கு வேலை. நான் கிடப்பேன், அவள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வாள் என்பது எங்கள் இருவர் மனதிலும் இருந்த கணக்கு. சேர்த்தே எடுத்தால் நல்லது என்று ஏஜென்ட் சொன்னதால் அவள் பெயரையும் கூடவே போட்டோம். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒருமுறை கட்டுவதோடு அதை மறந்துவிடுவோம்.

அவள் ஓய்வு பெற்ற அடுத்த வருஷம், நடக்கும்போது இடது காலிலிருந்து செருப்பு தானாகக் கழன்று விழ ஆரம்பித்தது. வார் தளர்ந்துவிட்டது என்று புதுச்செருப்பு வாங்கினாள். அதுவும் கழன்றது. பிறகு பூட்டில் சாவியைத் திருப்ப முடியவில்லை. கும்பகோணத்தில் எலும்பு மருத்துவர் கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது என்று சொல்லி பெல்ட் போட்டுவிட்டார். பெல்ட்டோடு சில மாதங்கள் போயின. சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் ஒரே மகள்தான் ஒருநாள் போனில், அம்மா ஏன் தூக்கக் கலக்கத்தில் பேசுகிற மாதிரி பேசுகிறாள் என்று என்னிடம் கேட்டாள். தினமும் கூடவே இருந்த எனக்கு அது காதில் ஏறவில்லை. ரேஷன் கடையில் சர்க்கரை வந்த நாளில், வரிசையின் கடைசியில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி ஒரே குரலில் பேசிக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தியவள் அவள். அந்தக் குரல் குழைந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

தஞ்சாவூரில் நரம்பு மருத்துவரிடம் போனோம். கை, கால், நாக்கு என்று ஊசி குத்திப் பார்த்துவிட்டு, மோட்டார் நியூரான் நோய் என்றார். தசைகளுக்குப் போகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும். குணப்படுத்த மருந்து இல்லை. ஒரு மாத்திரை இருக்கிறது, கொஞ்சம் தள்ளிப்போடும். இப்படி என்னைப் பார்த்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் குறுக்கே புகுந்து, குழறிக் குழறி, வரிசையாக என்னென்ன போகும் என்று கேட்டாள். கை கால், பிறகு பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு என்றார் அவர். புத்தி மட்டும் அப்படியே இருக்கும் என்றார். நல்ல சேதி மாதிரிதான் அதைச் சொன்னார்.

பஸ்ஸிலேயே திரும்பினோம். பாபநாசம் தாண்டியதும், "எத்தனை நாளுன்னு கேக்காம வந்துட்டோமே" என்றாள். திரும்பிப் போய்க் கேட்கலாமா என்றேன். வேண்டாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே குறுவை அறுத்த வயல்களில் தாள் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாளா என்று தெரியாது.

டாக்டர் சொன்ன வரிசையில்தான் எல்லாம் நடந்தது. அது ஒன்றுதான் அந்த நோயில் நம்பக்கூடியதாக இருந்தது. ஒரு வருஷத்துக்குள் அவளால் தானாக எழுந்து உட்கார முடியாமல் போயிற்று. பேச்சு போயிற்று. வலது கட்டைவிரல் மட்டும் மிச்சம் இருந்தது. போனை ஒரு தலையணையில் சாய்த்து வைத்துவிட்டால் அந்த விரலால் தட்டித் தட்டி எழுதுவாள். புள்ளி வைக்க ஒரு தட்டு கூடுதலாகத் தட்ட வேண்டும் என்பதால் புள்ளிகளை விட்டுவிடுவாள். விரலும் சோர்ந்த நேரத்தில் கண்ணால் பேசினாள். மேலே பார்த்தால் சரி. கண்ணை மூடினால் வேண்டாம்.

மூச்சுக்கு முகத்தில் மாட்டும் மெஷின் வாங்கினோம். கரன்ட் போனால் அது நிற்கக்கூடாது என்று இன்வெர்ட்டர் வாங்கினோம். காலையில் வந்து குளிப்பாட்டிவிட்டுப் போக பக்கத்து ஊரிலிருந்து ஓர் அம்மாளை வைத்தோம். மீதி நேரமெல்லாம் நான். இதில் எதற்காவது பாலிசியில் பணம் கிடைக்குமா என்று ஏஜென்டைக் கேட்டேன். அவர் விசாரித்துவிட்டு வந்து, "அட்மிட் ஆனாத்தான் சார். வீட்ல வச்சுப் பார்த்தா ஒண்ணும் வராது" என்றார். இதைச் சொல்வதற்கு அவருக்கே கூச்சமாக இருந்தது.

அந்த ஆடியில் அவள் அட்மிட்டும் ஆனாள். கஞ்சி ஊட்டும்போது புரையேறி, நுரையீரலுக்குள் போய், காய்ச்சல் வந்துவிட்டது. தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தோம். காலையும் மாலையும் சிறிது நேரம் மட்டும் என்னை உள்ளே விடுவார்கள். முதல் நாள் போனபோது அவள் மூக்கில் குழாய் இருந்தது. இரண்டு மணிக்கட்டையும் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்க எல்லோருக்கும் அப்படிக் கட்டுவார்களாம். அவளால் கையைத் தூக்கவே முடியாது என்று நர்ஸிடம் சொன்னேன். அவர் உடனே அவிழ்த்துவிட்டார். கட்டியபோதும் அந்தக் கைகள் அப்படியேதான் கிடந்தன, அவிழ்த்த பிறகும் அப்படியேதான் கிடந்தன.

பக்கத்துக் கட்டிலில் ஒரு வயதான அம்மாள் கிடந்தார். தொண்டையில் ஓட்டை போட்டு மெஷினில் இணைத்திருந்தார்கள். நெஞ்சு ஏறி இறங்குவது மெஷினால்தான். கண் திறந்திருந்தது, யாரையும் பார்க்கவில்லை. அவருடைய மகன் பட்டுக்கோட்டையில் தேங்காய் வியாபாரம் செய்பவர். வெளியே பெஞ்சில் எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். அம்மாவை அங்கே சேர்த்து வெகுநாளாகிவிட்டது என்றார். தேறுவார் என்று யாரும் சொல்லவில்லை, தேறமாட்டார் என்றும் யாரும் சொல்லவில்லை. செலவுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். முதல் பாலிசி தீர்ந்து டாப்-அப்பில் ஓடுகிறது என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "பாலிசி இருக்குன்னு மெஷின்ல போட்டோம். இப்ப பாலிசி இருக்குன்னுதான் எடுக்க முடியல. காசு இல்லேன்னா என்னைக்கோ வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருப்பேன், ஊர்ல யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டாங்க" என்றார்.

எங்களுக்கும் அதே மாதிரி ஒன்று இருக்கிறது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

காய்ச்சல் தணிந்து அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வந்தவள் முன்பு இருந்தவள் இல்லை. கன்னம் ஒட்டிவிட்டது. வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்து அனுப்பியிருந்தார்கள், அதன் வழியாகத்தான் கஞ்சி. அதிகமாக எழுதவும் மாட்டாள். சீரியல் போட்டுவிட்டால் பார்ப்பாள். சில நேரம் டிவியைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். என்ன வேண்டும் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொள்வாள்.

டாப்-அப்பைப் புதுப்பிக்கச் சொல்லி போனில் செய்தி வந்தது அப்போதுதான். வயது கூடியதால் கட்ட வேண்டிய தொகை வெகுவாக ஏறியிருந்தது. மகளிடம் சொன்னேன். "அதெல்லாம் யோசிக்காதீங்கப்பா, நான் போடறேன்" என்றாள். அதை என் மனைவிக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, ஏஜென்டைக் கூப்பிடப் போனை எடுத்தேன். அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. போனை வைக்கச் சொல்லும் சத்தம். அவள் போனைத் தலையணையில் சாய்த்து விரலுக்குக் கீழே வைத்தேன். வெகுநேரம் தட்டினாள்.

"வேணடாம" என்று எழுதியிருந்தது.

டிவி வேண்டாம் என்கிறாளோ என்று நினைத்தேன். அவள் மறுபடி தட்டினாள். "என பேர எடுததுடுஙக."

காரணம் சொல்லி முடிக்க அவளுக்கு அன்றைய பொழுதும் மறுநாளும் ஆயிற்று. விரல் சோர்ந்துவிடும். நிறுத்திவிட்டு, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். அவள் எழுதியதைப் புள்ளி சேர்த்து நான் வாசித்தது இது: "அந்த டாப்-அப் இருந்தா என்னை மெஷின்ல போடுவீங்க. பக்கத்துக் கட்டில் அம்மா மாதிரி கிடப்பேன்."

போடமாட்டேன் என்றேன். உனக்கு வேண்டாம் என்றால் நான் ஏன் போடப்போகிறேன் என்றேன்.

"போடுவீங்க. உங்களால பார்த்துக்கிட்டு இருக்க முடியாது. காசுக்கு வழி இல்லேன்னாத்தான் விடுவீங்க."

பக்கத்துக் கட்டில் அம்மாளின் மகன் வெளியே என்னிடம் சொன்னது இவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். தெரிந்திருக்க வாய்ப்பில்லை. உள்ளே கிடந்தபடி தானாகவே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். நர்ஸுகள் கட்டிலுக்குக் கட்டில் யாருக்குப் பாலிசியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பாள். கடையில் யார் கார்டுக்கு எவ்வளவு பாக்கி என்று மனதிலேயே வைத்திருந்தவளுக்கு அது போதும்.

ஏஜென்ட் வீட்டுக்கு வந்தார். யார் வந்தாலும் அவளுக்குக் காது கேட்காது என்பது போல என்னிடம்தான் பேசுவார்கள். இவர் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார். ஒருமுறை பெயரை எடுத்துவிட்டால் இந்த நோயோடு மறுபடி எந்தக் கம்பெனியிலும் சேர்க்கமாட்டார்கள் என்றார். முதல் பாலிசியில் பெயர் அப்படியே இருக்கும், சின்னதாக அட்மிட் ஆக அது போதும், அதற்கு மேல் போனால் ஒன்றும் இருக்காது என்றார்.

"அக்கா, நான் சொல்றது புரியுதா? அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது. சரியா?"

அவள் மேலே பார்த்தாள்.

ஏஜென்ட் எழுந்து வாசலுக்கு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்குக் கமிஷன் போவுதேன்னு சொல்லல சார். கெடு முடிஞ்சும் ஒரு மாசம் சலுகை இருக்கு. அவசரப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முழுவதையுமே நிறுத்திவிடலாம் என்பது என் எண்ணம். அவள் பெயர் இல்லாத ஒன்று எனக்கு எதற்கு என்று சொன்னேன். அவள் முகம் சிவந்தது. மெஷின் முகமூடிக்குள் மூச்சு வேகமாயிற்று. போனை வைத்தேன். "உஙக நெஞசு" என்று மட்டும் எழுதினாள். உன்னைப் பார்த்துக்கொண்டு இருப்பதே போதும், எனக்கு வருவது வரட்டும் என்று கொஞ்சம் கோபமாகவே சொல்லிவிட்டு எழுந்து கொல்லைப் பக்கம் போனேன். திரும்பி வந்தபோது அதே இரண்டு வார்த்தையை மறுபடி மறுபடி எழுதித் திரையை நிரப்பி வைத்திருந்தாள். எங்களுக்குள் நடந்த கடைசிச் சண்டை அதுதான். அவள்தான் ஜெயித்தாள்.

மகளிடம் வீடியோவில் சொன்னோம். அவள் முதலில் நம்பவில்லை. அம்மாவை நேராகக் கேட்டாள். "நான்தானேம்மா கட்டறேன், உனக்கு என்னம்மா கஷ்டம்? இருந்துட்டுப் போவட்டுமே." அவள் கண்ணை மூடினாள். மகள் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவள் திரும்பத் திரும்ப மூடினாள். கடைசியில் மூடிய கண்ணைத் திறக்கவே இல்லை.

அன்று மாலை மகள் எனக்குத் தனியாகப் போன் செய்தாள். "நீங்க களைச்சுப் போயிட்டீங்கப்பா. அது அம்மாவுக்குத் தெரியுது. அதான் இப்படிச் சொல்றாங்க" என்றாள். குற்றம் சாட்டும் குரல் இல்லை. மெதுவாகத்தான் சொன்னாள். நான் களைத்துத்தான் போயிருந்தேன். அவளைப் புரட்டிப் போடுவதில் என் முதுகு போயிருந்தது. சளி எடுக்கும் மெஷினின் சத்தம் அது ஓடாத நேரத்திலும் காதில் கேட்டது. குளியலறையில் நின்றுகொண்டு இது எப்போது முடியும் என்று நினைத்ததுண்டு. என் மனைவி எனக்காக அந்த முடிவை எடுத்தாளா, தனக்காக எடுத்தாளா என்று அதற்குப் பிறகு எனக்குத் தெளிவாக இல்லை. அவளைக் கேட்டேன். இரண்டும் இல்லை என்பது போல டிவி பக்கம் பார்த்தாள்.

சலுகை நாட்கள் ஓடின. தினமும் காலையில் அவள் என் சட்டைப் பையில் இருந்த போனைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். முடித்தீர்களா என்று அர்த்தம். இன்றைக்குப் போகிறேன் என்பேன். எங்கள் வயலைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் சம்பாவுக்கு நாற்று விட்டிருப்பதைப் பார்க்கப் போக வேண்டும் என்பேன். மறுநாள் காலையில் மறுபடி அதே பார்வை.

கெடு முடியும் தறுவாயில் ஏஜென்ட் வீட்டுக்குப் போய், அவள் பெயரை எடுத்துவிட்டு என் ஒருவனுக்கு மட்டும் கட்டினேன். அவர் போனில் என்னென்னவோ தட்டி, என்னையும் ஓர் இடத்தில் சம்மதம் கொடுக்கச் சொன்னார். சீக்கிரம் முடிந்துவிட்டது. காபி சாப்பிடுங்கள் என்றார். சாப்பிட்டேன். வெளியே வந்து நேராக வீட்டுக்குப் போகவில்லை. சுற்றிக்கொண்டு வாய்க்கால் பக்கமாகப் போய் வந்தேன். வாய்க்காலில் தண்ணீர் நிறைய வந்துகொண்டிருந்தது.

புதுப் பாலிசி போனிலேயே வந்தது. உறுப்பினர் என்ற இடத்தில் என் பெயர் மட்டும். காட்டச் சொன்னாள். முகத்துக்கு நேரே பிடித்தேன். மேலிருந்து கீழ் வரை நிதானமாகப் படித்தாள். ரேஷன் கடையில் சரக்கு இறக்கும்போது லோடு சீட்டை அப்படித்தான் படிப்பாள். பிறகு மேலே பார்த்தாள். அந்த ஒரு வருஷத்தில் அவள் முகத்தில் நான் நிம்மதியைப் பார்த்தது அப்போது மட்டும்தான். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஐப்பசியில் கட்டைவிரலும் நின்றது. அடைமழை. கண் மட்டும் இருந்தது. கேள்வி கேட்க வேண்டியவன் நான், பதில் அவளுடையது. நான் கேட்கத் தவறிய கேள்விகளுக்கு அவளிடம் பதில் இருந்திருக்கலாம். அதைச் சொல்ல வழி இல்லை. முதுகு வலிக்கிறதா, விளக்கு வேண்டுமா, கொசுவா, மகளைக் கூப்பிடவா என்று எனக்குத் தோன்றியதையெல்லாம் கேட்பேன். எல்லாவற்றுக்கும் கண்ணை மூடுவாள். வேறு ஏதோ ஒன்று வேண்டும். அது எது என்று கண்டுபிடிக்காமலே பல நாள் பொழுது சாய்ந்துவிடும்.

கார்த்திகையில் ஒருநாள் மதியம். காலையிலிருந்தே மழை. வயல்களில் சம்பாப் பயிர் முங்கிக் கிடந்தது. சளி அடைத்துக்கொண்டே இருந்தது, எடுக்க எடுக்க வந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தும் அவள் உதடு கருத்தது. நெற்றி வியர்த்தது. கண் இரண்டும் பெரிதாகி என்னையே பார்த்தன. இப்படி ஒரு நாள் வரும், வந்தால் எங்கேயும் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருப்பது என்று பேசி வைத்திருந்தோம். டாக்டர் அதற்கென்று மருந்தும் எழுதிக் கொடுத்திருந்தார். மருந்தைக் குழாய் வழியாக விட்டேன். ஒன்றும் தணியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு உட்காரவும் என்னால் முடியவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டேன்.

டாப்-அப் இருக்கிறதா இல்லையா என்பது அந்த நேரத்தில் என் நினைவில் வரவே இல்லை. காசுக்கு வழி இருக்கிறதா என்றும் நினைக்கவில்லை. நிலம் இருந்தது. கேட்டால் விற்றிருப்பேன். அவள் அத்தனை நாள் விரல் நோக எழுதி அடைத்த கதவு கதவே இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆம்புலன்ஸ் தண்ணீரில் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தது. ஓட்டுநரும், முதலுதவி செய்யும் ஒரு பெண்ணும் வந்தார்கள். அந்தப் பெண் ஆக்சிஜனை வைத்துவிட்டு நாடி பார்த்தார். "தஞ்சாவூர் போனா உடனே வென்டிலேட்டர்ல போட்ருவாங்க சார். போலாமா? சீக்கிரம் சொல்லுங்க" என்றார்.

நான் குனிந்து அவள் காதருகில், "போலாமா?" என்று கேட்டேன்.

அவள் கண்ணை மூடினாள்.

வேண்டாம் என்றாளா, மூச்சுத் திணறலில் தானாக மூடிக்கொண்டதா என்று எனக்குத் தெரியவில்லை. மறுபடி கேட்டேன். கண் திறக்கவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓட்டுநர் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு நின்றார். போகவில்லை என்று சொன்னேன். நிச்சயமாகத் தெரிந்து சொன்னதில்லை. ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது.

அவர்கள் சிறிது நேரம் இருந்தார்கள். பிறகு வேறொரு இடத்திலிருந்து அழைப்பு வந்து போக வேண்டியதாயிற்று. அவர்கள் போன பிறகு அவள் அதிக நேரம் இருக்கவில்லை. அமைதியாகப் போனாள் என்று பின்னால் வந்தவர்களிடம் எல்லோரும் சொன்னார்கள். அப்படி இல்லை. அங்கே இருந்தவன் நான்.

மகள் மறுநாள் வந்தாள். திருச்சி விமான நிலையத்திலிருந்து மழையில் வந்து சேர மதியம் ஆகிவிட்டது. அதுவரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். காரியங்கள் எல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு ஒரு மாலையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸ் வந்ததாமே என்று கேட்டாள். தெருவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆமாம் என்றேன்.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"கண்ணை மூடினா."

அவள் எழுந்து, அம்மா கிடந்த கட்டிலில் இருந்த விரிப்பை மடித்துவிட்டு, மூச்சு மெஷினை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று கேட்டாள். கொடுத்துவிடலாம் என்றேன். கும்பகோணத்தில் ஒருவருக்கு அது போயிற்று. அவருக்கும் அதே நோய். எடுத்துக்கொண்டு போக வந்த அவர் மனைவி, எத்தனை நாள் உபயோகித்தீர்கள் என்று என்னைக் கேட்டார். மெஷினின் பழசு புதுசுக்காகத்தான் கேட்கிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் வேறு எதற்காகக் கேட்கிறார் என்று புரிந்தது. சரியாக நினைவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இப்போது மகள் மறுபடி சிங்கப்பூரில். நான் தனியாக இருக்கிறேன். என்னை அங்கே வந்துவிடச் சொல்கிறாள். குளிர்சாதன வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று தட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறேன். என் பாலிசிகளைப் புதுப்பிக்கும் காலம் இந்த வருஷம் வந்தபோது, வைத்துக்கொள்வதா விடுவதா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அவள் அங்கிருந்தபடி ஏஜென்டிடம் பேசி, என்னைக் கேட்காமல் எல்லாவற்றையும் கட்டிவிட்டாள். டாப்-அப் தொகையை முன்பைவிடப் பெரிதாகவும் ஆக்கிவிட்டாள். ஏஜென்ட் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எனக்கும் அப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்யக்கூடாது என்பதை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறது. பேச்சோடு பேச்சாக இரண்டொரு தடவை ஆரம்பித்தேன். ஒவ்வொரு தடவையும் குரல் மாறிவிடுகிறது அவளுக்கு. மாத்திரை சாப்பிட்டீர்களா, வேலைக்கு வரும் அம்மாள் வந்தார்களா என்று வேறு எதையாவது கேட்கிறாள். நானும் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். போன வாரம் கொஞ்சம் பிடிவாதமாகவே, "இதக் கேளு, அப்பாவுக்கு என்னமாவது ஆச்சுன்னா" என்று தொடங்கினேன்.

"நெட்வொர்க் சரியில்லப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். எனக்கு அவள் குரல் தெளிவாகத்தான் கேட்டது.